பரோலோவா, பார்பரெஸ்கோவா?

இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்து லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையை மட்டுமே கொண்டு செய்யப்படும் இவ்விரு சிவப்பு ஒயின்களும் பிறப்பிடப் பாதுகாப்பின் உச்சப் படியான டிஓசிஜி தகுதியை 1980-இல் பெற்றவை என்பதால், தேர்வில் தயக்கம் எழுவது இயல்பே.

முதிர்வு: பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில்.
பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள், பீப்பாயில் 9 மாதங்கள். வேறுபாட்டின் வேர் இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆல்ககால்: பரோலோவுக்குக் குறைந்தபட்சம் 13 சதவீதம், பார்பரெஸ்கோவுக்கு 12.5.

விலை: பரோலோ பெரும்பாலும் கூடுதல்.

சுவை: இரண்டிலும் ரோஜாவும் தாரும் கலந்த மணம் எழும், ஆயினும் இளம் பரோலோவின் துவர்ப்பு, பாக்கு மென்றதுபோல் நாக்கை இறுக்கிப் பிடிக்கும்.

பத்தாண்டு பாதுகாத்து வைக்க இயன்றவர் பரோலோவை வாங்கலாம். விரைவில் திறக்க விரும்புவோருக்குப் பார்பரெஸ்கோவே பொருந்தும்.