"லேடீஸ் கன்" என்று சொல்லி நீட்டினால் வாங்காதீர்கள்: 684 டாலர் போன கதை

ஒரு கைத்துப்பாக்கி வாங்கி 684 டாலர் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த வாரம் இன்னொரு பெண் அதே கவுன்டரில் போய் நிற்பாள்.

நான் டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். வேலை முடிந்து காரை எடுக்கப் போகும்போது பெரும்பாலும் நள்ளிரவு ஆகிவிடும். குடியுரிமை கிடைத்த பிறகு, உடையோடு மறைத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். (எச்1பி, எச்4, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் உங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.) அதற்கு முன் நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. வலது மணிக்கட்டில் கார்ப்பல் டனல் (நரம்பு அழுத்தப்பட்டு வலிப்பது) தொல்லை வேறு. இந்த இரண்டையும் கடையில் நுழைந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். மறைக்கவில்லை.

கடை எது என்று எழுதப் போவதில்லை. மளிகைக்கடையும் சலூனும் இருக்கும் வரிசையில் ஒரு துப்பாக்கிக் கடை, அவ்வளவுதான். சுட்டுப் பார்க்க ரேஞ்ச் கிடையாது. கவுன்டரில் தலை நரைத்த ஒரு மனிதர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "உங்கள் மணிக்கட்டை வைத்துக்கொண்டு பிஸ்டல் ஸ்லைடை இழுக்க முடியாது மேடம், உங்களுக்கு ரிவால்வர்தான் சரி" (ஸ்லைடு என்பது தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் பிஸ்டலின் மேல்பகுதி; சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வரில் அது கிடையாது) என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஐந்து தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வர், .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கானது, அலுமினியக் கலவை உடல், இரண்டு அங்குலம்கூட வராத குழல், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. கையில் இருப்பதே தெரியவில்லை. "என் மகளுக்கும் இதையேதான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். ஒரு அப்பா தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது என்றால் அதற்கு மேல் என்ன கேட்பது? வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றும் கேட்டேன். "வீண் செலவு, இதற்குப் பழகிவிடுவீர்கள்" என்றார். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பினேன், பின்னணிச் சோதனை சில நிமிடத்தில் முடிந்தது. துப்பாக்கி, உறை, இரண்டு பெட்டித் தோட்டா, வரி எல்லாம் சேர்த்து 684 டாலர்.

ரேஞ்சில் முதல் தோட்டாவிலேயே உயிர் போய்விட்டது. கதவிடுக்கில் கை நசுங்கியதுபோல ஒரு வலி, கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை. இரண்டாவதைச் சுடும்போது கண் தானாக மூடிக்கொண்டது. ஐந்து தோட்டாவையும் முடிக்கவில்லை. அன்றிரவு டம்ளரைத் தூக்கக்கூட வலது கை வரவில்லை.

பக்கத்து வரிசையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் அம்மா வந்து துப்பாக்கியைப் பார்த்தார். "இதை யார் உங்களுக்கு விற்றது?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் அவர் விளக்கியதை எழுதுகிறேன், அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தோட்டா ஒன்றே என்றால், துப்பாக்கி எடை குறையக் குறையப் பின்னுதை (சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதை) கூடும். கவுன்டரில் சுகமாக இருந்த அதே எடைக்குறைவுதான் ரேஞ்சில் கையை உடைக்கிறது. பிடி சின்னதாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை, முழு உதையும் உள்ளங்கையில் ஒரே இடத்தில் இறங்குகிறது. டிரிக்கரை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு அளவுக்கு விசை வேண்டும், துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை, அப்புறம் குறி எப்படி ஆடாமல் நிற்கும்? இந்த வகைக் குட்டி ரிவால்வர் பல ஆண்டு பழகியவர்கள் வைத்துக்கொள்வது, புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொடுப்பதே இல்லை என்றார்.

பிறகு வாடகைக்கு கிளாக் 19 என்ற ஒரு பிஸ்டலை எடுத்துக் கொடுத்தார். 9 மில்லிமீட்டர் தோட்டா, என் ரிவால்வரைவிடப் பெரியது, கனமானது. பயந்துகொண்டேதான் சுட்டேன். உதை இருந்தது, வலி இல்லை. ஸ்லைடை இழுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னாரே, அதுவும் பொய். துப்பாக்கியை மார்புக்கு அருகே வைத்துக்கொண்டு, மேல்புறத்தை முழுக் கையால் பற்றி, அடிப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதல்ல, தள்ளுவது. என் மணிக்கட்டோடு எனக்கு வந்தது. அதுவும் வராதவர்களுக்கென்றே ஸ்லைடு இலகுவாக நகரும் பிஸ்டல்கள் வந்துவிட்டன. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஷீல்ட் ஈஸி 2018-லேயே .380 என்ற தோட்டா வகையில் வந்தது, 2020-இல் 9 மில்லிமீட்டரிலும். இது ஒன்றையாவது அந்த மனிதர் எனக்குக் காட்டியிருக்கலாம்.

மறுநாளே கடைக்குப் போனேன். அதே மனிதர், ஆனால் முகத்தில் அடையாளம் தெரிந்ததுபோலவே இல்லை. "நீங்கள் பிடித்த விதம் தவறு, இன்னும் நூறு தோட்டா சுடுங்கள்" என்றார். வீங்கிய கையைக் காட்டினேன். மேனேஜர் இல்லை என்றார். போன் செய்தால் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. மறுபடி நேரில் போனபோது மேனேஜர் ரசீதின் அடியில் பொடி எழுத்தைக் காட்டினார்: துப்பாக்கி விற்பனை இறுதியானது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு நாங்கள் திரும்ப வாங்குவது கூட்டாட்சிச் சட்டப்படி முடியாது" என்றார். அப்படி ஒரு சட்டமே கிடையாது. வாங்கினால் தன் பதிவேட்டில் வரவு எழுதிக்கொண்டு பழைய துப்பாக்கியாக விற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஆதாரம் அவர் வாயாலேயே வந்தது. நான் கிளம்பும்போது, "வேண்டுமானால் 240 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்! 684 கொடுத்த என்னிடம் 240. சட்டம் தடுக்கிறது என்று சொல்லி முடித்த அதே மூச்சில்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதாகி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் தேவையில்லை. அதனால் என்னைப் போன்றவர்கள் வகுப்புக்கும் போகாமல் நேராகக் கவுன்டருக்கு வருகிறோம். அங்கே நிற்பவர் சொல்வதுதான் எங்களுக்கு முதல் பாடம். அந்த இடத்தில் நின்றுகொண்டு மகள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை இன்னும் வலிக்கிறது. இவற்றை மட்டும் மனதில் வையுங்கள். சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகள் பெரிய ஊர்களில் நிறைய உண்டு. எடை குறைவு, சின்னது, பெண்களுக்கானது என்ற மூன்று வார்த்தையும் ஒன்றாக வந்தால் வெளியே வந்துவிடுங்கள். .380 என்றாலே மென்மை என்று நம்பாதீர்கள், குட்டியான .380 சிலது நடுத்தர 9 மில்லிமீட்டரைவிட மோசமாக உதைக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே ரசீதின் பொடி எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். கை வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பழகிவிடும் என்று யார் சொன்னாலும் சரி.