பேச்சுப் போட்டிக்குத் தகவல் தேட: புத்தகமா, போனா, கோட்டையா?

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் பெயர் கொடுத்திருந்தாள். தலைப்பு ‘வேலூர்ப் புரட்சி 1806’, எங்கள் ஊர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தது. ஐந்து நிமிடம், நாலாவது நிமிடத்தில் முதல் மணி. “அத்த, நீயே எழுதிக் குடுத்துடேன்” என்றாள். எழுதித் தரமாட்டேன், தேடக் கூட வருகிறேன் என்றேன். போன வருடம் பட்டபாடு அப்படி. ஒரு பெரிய மனிதர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்த வாசகத்தை மேடையில் முழங்கிவிட்டு இறங்கினாள். “இதை எங்கே சொன்னார்மா?” என்று நடுவர் கேட்டார். இவளிடம் பதில் இல்லை.

அதனால் இந்த முறை ஒவ்வொரு இடத்தையும் ஒரே கேள்வியால் அளந்தோம்: யார் சொன்னது என்று கேட்டால் வாய் திறக்க முடியுமா?

முதலில் போன். சட்டென்று கிடைக்கிறது, அதை மறுக்க முடியாது. வீடியோக்களில் பின்னணி இசையோடு ரத்தம் கொதிக்கிறது, ஆனால் ஆண்டு, பெயர், ஊர் என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தால் பத்து நிமிட வீடியோவில் நாலு வரி தேறவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலி ஒன்றையும் முயன்றோம். ஒரு சிப்பாய் தூக்குமேடையில் பேசியதாக உருக்கமாக ஒரு பத்தி கொடுத்தது. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டோம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பத்தி கொடுத்தது! பேச்சை எப்படி அடுக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கேட்பதற்கு அது ஆகும். சாட்சிக்கு அழைக்க ஆகாது.

இரண்டாவது, பள்ளிப் பாடப்புத்தகம். பிள்ளைகள் இதை மதிப்பதே இல்லை, பரீட்சைக்கான பொருள் என்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை இரவல் வாங்கினோம். காரணமும் காரியமும் வரிசையாக இருந்தன. சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு: திருநீறு, நாமம் போன்ற அடையாளங்கள் நெற்றியில் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை அணிய வேண்டும், அதில் தோலால் செய்த குஞ்சம். கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் காவலில் இருந்தது. ஜூலை 10 அதிகாலையில் எழுச்சி, அன்றைக்கே அடக்குமுறை. இது போதும் முதுகெலும்புக்கு. குறை என்னவென்றால், அதே போட்டிக்கு வரும் இன்னும் முப்பது பேரும் இதே புத்தகத்தைத்தான் புரட்டியிருப்பார்கள். நடுவர் முதல் நாலு பேரிலேயே சலித்துப்போவார்.

மூன்றாவது, மாவட்ட மைய நூலகம். குறிப்புதவிப் பிரிவில் இருப்பவற்றை வீட்டுக்கு எடுத்துவர முடியாது, உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். எனக்கு அதுதான் அதன் பெரிய லாபமாகத் தெரிந்தது. போனில் முழுப் பக்கத்தையும் விரலால் வழித்து எடுத்து ஒட்டியவள், கை வலிக்கிறது என்பதற்காகவே “இந்த வரி வேணுமா வேணாமா” என்று யோசிக்க ஆரம்பித்தாள். 2006இல் புரட்சியின் 200ஆம் ஆண்டு வந்தது, அஞ்சல் துறை தபால்தலைகூட வெளியிட்டது. அந்த ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இதழ்களைக் கேட்டால் தேடல் சுருங்கும்.

நான்காவது கொஞ்சம் கடினம், ஆனால் எனக்குப் பிடித்தது. ஆர்தர் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1881இல் வெளிவந்த வடஆற்காடு மாவட்டக் கையேடு. பிறகு ஹெரால்ட் ஸ்டூவர்ட் அதைத் திருத்தினார். ஸ்கேன் செய்த படி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் பழையது, இவள் திணறினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் ‘புரட்சி’ என்று இருப்பது வெள்ளைக்காரர் எழுத்தில் ‘கலகம்’. ஒரே இரவு, இரண்டு பெயர். “அப்போ யாரு கரெக்ட் அத்த?” என்றாள். அந்தக் கேள்வியையே பேச்சுக்கு நடுவில் வை என்றேன். செத்தவர்கள் கணக்கும் அப்படித்தான். சிப்பாய்களில் 350 பேர் என்று ஒரு பக்கம், 800 என்று இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடித்துப் பேசினால் மாட்டிக்கொள்வாள். ‘நூற்றுக்கணக்கில்’ என்றால் யாரும் எழுந்து கேட்க முடியாது. ‘இந்தியாவின் முதல் சுதந்திரப் போர்’ என்ற வரியையும் அடித்துவிட்டோம். அதற்கு முன்பே ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கட்சி எடுத்து யாராவது வந்தால் வம்பு. ‘1857க்கு 51 ஆண்டுகள் முன்பே’ என்பது எந்த நடுவரிடமும் நிற்கும்.

ஐந்தாவது, மனிதர். கம்மவான்பேட்டையை இந்தப் பக்கம் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அங்கிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். 1806ஐப் பற்றி அவருக்கு இவளைவிட அதிகம் தெரியாது. ஆனால் குஞ்சம் வைத்த தலைப்பாகை விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “பாப்பா, தலையில வெக்கறது துணி இல்ல. அத வெச்சிகினுதான் கண்ணாடி பாப்போம். அத மாத்துன்னா ஆளயே மாத்துன்னு அர்த்தம்” என்றார். நான் தேடிய எந்த நூலிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. இது வரலாற்று ஆதாரம் ஆகாது. ‘எங்கள் தெருவில் இருக்கும் முன்னாள் படைவீரர் சொன்னார்’ என்று சொல்லிவிட்டுச் சொன்னால் நேர்மையான சான்று.

கடைசியாகக் கோட்டை. ஊருக்கு நடுவிலேயே இருப்பதால் நாம் யாரும் பார்ப்பதில்லை. அகழியைத் தாண்டி உள்ளே போனோம். வழக்கம்போல ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டோம். பிறகு திப்பு மகால், ஹைதர் மகால் பக்கம் நடந்தோம். புதுத் தகவல் என்று கேட்டால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை, மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணிலும் அப்படித்தான். கிடைத்தது வேறு. மதிலைப் பார்த்துக்கொண்டே நின்றவள், “ஆற்காட்லருந்து கில்லெஸ்பி வந்தாரே, நம்ம பஸ் வர்ற ரோடுதானா?” என்றாள்.

அந்தக் கேள்விக்காகவே போனது தகும். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் சுமார் 25 கிலோமீட்டர். மேல்விஷாரம், ரத்தினகிரி, சத்துவாச்சாரி என்று கண்டக்டர் கூவும் வழி. கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு மேஜர் ஆற்காட்டுக்குத் தகவல் அனுப்ப, எழுச்சியை அடக்க காலை 9 மணிவாக்கில் ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து இறங்குகிறது. வந்தது இதே தார்ச்சாலைத் தடமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, அதனால் பேச்சில் தூரத்தை மட்டும் வைத்தோம்: ‘நீங்கள் ஆற்காட்டில் பஸ் ஏறி வேலூரில் இறங்குகிற தூரம். அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால்?’ என்று தொடங்குகிறாள். கிலோமீட்டர் பாடப்புத்தகமும் வரைபடமும் தந்தது. அதை உயிராக்கியது கோட்டை வாசல்.

ஆக, என் கணக்கில் முதலிடம் பாடப்புத்தகத்துக்கும் கோட்டைக்கும் சேர்த்து. நூலகம் அடுத்தது. கையேடு, ஆங்கிலம் சொல்லித்தர வீட்டில் ஆள் இருந்தால். போன் கடைசி, எழுதி முடித்தபின் ஆண்டையும் பெயரையும் ஒருமுறை சரிபார்க்க.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் புத்தகத்தை முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் கோட்டைக்குப் போங்கள். உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. நாங்கள் முதலில் போனது வெள்ளிக்கிழமைதான்.