லேப் வைரத் தோடும் தேங்காய் எண்ணெயும்

மட்டக்களப்பில் இருக்கிற மச்சாள் கேட்டாள், "லேப் வைரம் விலை இறங்கிட்டுதாமே, இப்ப எடுக்கட்டா?" என்று. சுரங்கத்தில் தோண்டாமல் ஆய்வுகூடத்தில் வளர்க்கிற வைரம் அது. நான் சில வருசமாகக் காதில் போட்டிருக்கிறது அதுதான் என்பதால் என்னிடம் வந்திருக்கிறாள். கரட், கலர், கிளாரிட்டி எல்லாம் கடைக்காரரே சொல்வார், விடுவோம். என் பிரச்சினை முழுக்க எண்ணெய்.

வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். தென்னாபிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, நொறுக்கிய கல்லை கிறீஸ் பூசிய மேசை மேல் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டி நின்ற வைரத்தைச் சுரண்டி எடுத்தார்கள். என் காதில் அந்த வேலையைத் தேங்காய் எண்ணெய் செய்கிறது. வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு எங்கட திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனால், கல் போத்தல் கண்ணாடி மாதிரி செத்துப்போய் இருக்கும். முன்பக்கத்தைத் துடைத்தும் பயனில்லை; உள்ளே போன வெளிச்சம் கல்லின் அடியில் பட்டுத் திரும்பினால்தான் மின்னும், அங்கே எண்ணெய் படிந்தால் வெளிச்சம் அந்த வழியே போய்விடும். என்னுடையதோ பின்பக்கம் மூடிக் கட்டினது. வெந்நீரும் சோப்பும் பழைய பிரஷ்ஷும் வைத்து எவ்வளவு தேய்த்தாலும் பாதிதான் போகும். போன மாதம் தோட்டின் சுரை தேய்ந்து பத்தரிடம் கொடுத்தபோது, அடியையும் திறந்துவிடச் சொன்னேன். அம்மாடி, என்ன மினுக்கம்! உவர்மலை வெயிலில் எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சரி, சுரங்க வைரம் ஏன் எடுக்கவில்லை? மோதல் வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து 2003இல் தொடங்கிய கிம்பர்லி சான்று முறை, கிளர்ச்சிக் குழுக்களின் போருக்குக் காசு தரும் வைரத்தை மட்டும்தான் மோதல் வைரம் என்கிறது. அரச படையே ஆளைக் கொன்றால் அந்தக் கணக்கில் வராது. சிம்பாப்வேயின் மராங்கேயில் 2008இல் தோண்டப் போன சனத்தை இராணுவம் சுட்டது. 2011இல் அங்கிருந்து வைரம் ஏற்றுமதி செய்ய அந்த முறையிலேயே அனுமதியும் கிடைத்தது. அரச படை சுட்டால் கணக்கில் இல்லை என்கிற இந்த விளக்கத்தை எங்கட ஊர் ஆட்களிடம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் லேப் வைரம் சுத்தம் என்று விற்கிறதும் கொஞ்சம் கூடத்தான். ஒரு முறையில் மீதேன் வாயுவை 700 பாகைக்கு மேல் சூடாக்கி வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். அவ்வளவு கரண்ட் எங்கிருந்து? இவை பெருமளவில் வளர்க்கப்படும் இந்தியாவிலும் சீனாவிலும் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியில்தான் வருகிறது. சம்பூர் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று போராடி, 2016இல் அது கைவிடப்பட்டதைப் பார்த்த ஊர்க்காரிக்கு இது உறுத்தாமல் இருக்குமா? என் கல்லோடு வந்த சான்றிதழில் எடை, வெட்டு எல்லாம் இருக்கிறது, கரண்ட் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் அடகு. கடையில் பவுணை எடைபோட்டுவிட்டு, கல்லுக்கு ஒரு சதமும் இல்லை என்றார்கள். விலை இறங்கினது உனக்குச் சந்தோசம் மச்சாள், முழு விலை கொடுத்த எனக்கு வயிற்றெரிச்சல்.

தோடு எனக்குப் பிடிக்கும், கழற்றவும் மாட்டேன். நீ எடுக்காதே. சொன்னாலும் கேட்கமாட்டாய் என்று தெரியும், எடுத்தால் பின்பக்கம் திறந்த கட்டாகப் பார், பில்லில் பவுண் எடையையும் கல் எடையையும் தனித்தனியாக எழுதச் சொல்லு.