33சி கேபிள்: பழசைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

எங்கள் பாய்மரப் படகு 1986இல் கட்டியது. யான்மார் 2ஜிஎம்20 இன்ஜின். போன மாதம் பினாங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறை உள்ளே கட்டப் போகும்போது ரிவர்ஸ் விழவில்லை. காலை நீட்டித் தடுக்கப் போன மச்சானை, "காலை எடுடா!" என்று கத்தி, படகுக்கும் துறைக்கும் நடுவில் ஃபெண்டரை (மோதல் தாங்கும் மெத்தை) செருகித் தப்பித்தோம்.

திறந்தால், லீவரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கியர் கேபிளின் உள்கம்பி துருவேறி உறைக்குள் இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. டெலிஃப்ளெக்ஸ் கம்பெனியின் 33சி வகைக் கேபிள்தான் வேண்டும். இப்போது டொமெட்டிக் பெயரில் வருகிறது.

பட்டர்வொர்த்தில் மீன்பிடிப் படகுக்காரர்கள் போகும் ஒரு சாமான் கடை. 13 அடி என்றேன். தௌக்கே, அதாவது கடை முதலாளி, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாங் லாமா பாவா லா." பழசைக் கொண்டு வா என்கிறார். எரிச்சலோடு ஃபெர்ரி ஏறித் திரும்பினேன். மறுநாள் அவர் டேப் வைத்தால் 14 அடி! ஒரு முனை மரை நுனியிலிருந்து மறு முனை மரை நுனிவரை அளக்க வேண்டுமாம். நான் வெளி உறையை மட்டும் அளந்திருக்கிறேன். அன்றைக்கே விற்றிருந்தால் காசும் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும். அந்த மனுஷனுக்காகவே கடைக்கு ஐந்து நட்சத்திரம்.

கேபிளுக்கு நாலுதான். முனையில் மாட்டும் பந்து மூட்டு (பால் ஜாயின்ட்) தனியாக வாங்க வேண்டியிருந்தது. மரை 10-32 என்ற அங்குல அளவு. கையில் இருந்த எம்5 (மில்லிமீட்டர் அளவு) நட்டு அதில் ஏறியும் விட்டது, ஆனால் லொடலொடவென்று ஆடியது. ஏமாந்துவிடாதீர்கள், கியர் கேபிள் நடுக்கடலில் கழன்றால் தெரியும் சேதி.

மாட்டுவது அரை நாள் வேலை. பழைய கேபிளின் வாலில் கயிற்றைக் கட்டி உருவினோம். பிறகு அதே கயிற்றில் புதுசைக் கட்டி, மரையில் டேப் சுற்றி, மச்சான் இழுக்க நான் தள்ளினேன். வளைவுகளைத் தாராளமாக விட்டோம். நியூட்ரலில் வைத்துச் சரிசெய்தபின், முன்னும் பின்னும் கியர்பெட்டியின் கை கடைசிவரை போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதியில் நின்றால் கிளட்ச் வழுக்கித் தேயும்.

இப்போது லீவரை இரண்டு விரலால் தள்ளினாலே டக்கென்று விழுகிறது. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கேபிளையும் கையோடு மாற்றினோம். இரண்டும் சேர்த்து, மூட்டுகளோடு 430 ரிங்கிட். இன்ஜினை அணைக்கும் கேபிள்தான் பாக்கி, இழுத்தால் கிழவன் மாதிரி முனகுகிறது. அடுத்த சம்பளம் வரட்டும்.