ஒரு குடை எத்தன பேரு?

எங்கம்மாவுக்கு ரூபா கணக்க விட பேரு கணக்குதான் சுளுவு. நம்ம இலங்கை தேயிலத் தோட்டத்துக்காரங்களுக்கு இத சொல்லத் தேவல்ல, மத்தவங்களுக்காக சொல்றேன்: ஒரு நாள் வேல செஞ்சா ஒரு பேரு, பறிச்ச கொழுந்து கொறஞ்சா அரப்பேரு. 2021ல ஒரு பேரு 1000 ரூபா ஆச்சு, 2024ல 1350, இங்க போடுற கணக்கெல்லாம் அந்த 1350லதான். டவுன்ல என்ன சாமான எடுத்தாலும் அம்மா வெலய கேட்டதும் கொஞ்சம் நின்னு மனசுக்குள்ள வகுத்துப் பாப்பாங்க, அப்புறம் "ஏன்டி இதுக்கு ரெண்டு பேரா"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு பதில் சொல்லி சொல்லியே எதுக்கு காசு கூட குடுக்கலாம் எதுக்கு குடுக்கக் கூடாதுன்னு எனக்கும் ஒரு தெளிவு வந்துருச்சு.

முதல்ல குடை. போன வருசம் மட்டும் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதக் கடையில 900 ரூபா மடக்குக் குடை மூணு வாங்குனேன். நம்ம பக்கம் மே மாசம் புடிச்சா செப்டெம்பர் வரைக்கும் மழதான், அதுவும் நேரா விழாது, காத்தோட பக்கத்துல இருந்து அடிக்கும், மொதக் குடை பஸ்ஸ விட்டு எறங்குன நிமிசமே தாமரப்பூ மாதிரி மேல விரிஞ்சிருச்சு, ரெண்டாவதுக்கு கம்பி துருப்புடிச்சு துணியில கறை, மூணாவதுக்கு பட்டன் அமுத்துனா கைப்பிடி மட்டும் கையில நிக்கிது மத்ததெல்லாம் முன்னாடி போறவர் முதுகுல. மூணும் சேத்தா 2700, சரியா ரெண்டு பேரு! அதே காசுக்கு 50 ரூபா கொறச்சு ஒரு ரெயின்கோ கம்பெனி நீட்டுக் குடை வாங்கியாச்சு. மடக்குக் குடைக்கு மூட்டு கூட, மூட்டு கூடுனா ஒடையிற எடமும் கூட, நீட்டுக் குடைக்கு அந்தத் தொல்ல கொறவு, அதோட வழுக்குற ரோட்டுல ஊண்டிக்கிட்டும் நடக்கலாம். ஒரு மழைக்காலம் முழுசா தாங்கிருச்சு. ஒரே கொற, பையில போட முடியாது, பஸ்ல நெரிசல்ல அடுத்தவங்க கால்ல குத்தும், திட்டு வாங்கணும்.

அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அது இன்னமும் அலுமாரியில பொலித்தீன் கழட்டாம இருக்கு, மழையில கொண்டு போனா பழசாகிருமாம்.

குடையாவது நனையிறதோட போகும், ஆனா எக்ஸ்டென்ஷன் வயர் அப்படி இல்ல. இத கொஞ்சம் நின்னு படிங்க. 1100 ரூபாக்கு ஒரு மல்டி பிளக் வாங்கியிருந்தோம், நாலு ஓட்ட, சிவப்பு லைட் எல்லாம் எரியும், பாக்க நல்லாதான் இருந்துச்சு. ஒரு நாள் காலையில கெட்டில்ல தண்ணி கொதிக்கப் போட்டுட்டு அதே பிளக்ல தங்கச்சி ஸ்கூல் கவுன அயன் பண்ணிக்கிட்டு இருந்தா, மீன் கருகுற மாதிரி ஒரு மணம். திரும்பிப் பாத்தா ஓட்டய சுத்தி பழுப்பு நிறமாகி பிளாஸ்டிக் இளகி வழியிது. நல்ல நேரம் அம்மா சுவிட்ச அடிச்சுட்டாங்க. கணக்கு சும்மா பாத்தாலே வெளங்கும்: கெட்டில் 2000 வாட், அயன் 1000 வாட், நம்ம 230 வோல்ட்டுக்கு ரெண்டும் சேந்து 13 ஆம்பியர் இழுக்குது. வயர வெட்டிப் பாத்தா உள்ள செம்பு தலமுடி மாதிரி நாலஞ்சு இழ. அது எங்க தாங்கும்?

தனி வீடா இருந்தா நம்ம வீட்டோட போகும். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, அப்படியா? ஒரே கூர, பத்து காம்பராவுக்கும் (அறைக்கும்) அதே தகரம், ஒரு காம்பராவுல வயர் கருகுனா வரிசையே போயிரும். கரண்ட் கோளாறுல லயம் எரிஞ்ச செய்தி நம்ம பக்கத்துக்கு புதுசா என்ன. அதனால 3800 ரூபா குடுத்து, எஸ்எல்எஸ்னு இலங்கைத் தர முத்திர போட்டது, மூணு சதுரக் கால் பிளக், உள்ள ஃபியூஸ் உள்ளது, வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புன்னு கேட்டு வாங்குனேன். கையில தூக்குனாலே வித்தியாசம் தெரியும், செம்புக்கு கனம் இருக்கு. அம்மா வழக்கம் போல வகுத்தாங்க, மூணு பேரு கிட்ட வருது, ஆனா இந்தத் தடவ ஏன்டின்னு கேக்கல. நல்ல வயரா இருந்தாலும் கெட்டிலயும் அயனயும் ஒண்ணா போடுறத விட்டுட்டோம்.

ஃபிளாஸ்க்கும் ஸ்டீல் ஃபிளாஸ்க்தான், கண்ணாடி வெச்சது மலயில ரெண்டு தடவ விழுந்தா போச்சு. நுவரெலியா ஒசரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், அதுலயும் சூடு நிக்காத ஃபிளாஸ்க்ல ஊத்தி குளிருல வெச்சா பத்து மணி தேத்தண்ணி பச்சத்தண்ணிதான். குக்கர் வாசர் ஒரிஜினலே வாங்குங்க, அவ்வளவுதான். வாளி, கோப்ப, உள்ளுக்குப் போடுற செருப்பு, ஃபோன் கவர் எல்லாம் சீப்பே போதும்.

தேயிலக்கி மட்டும் கூட காசு குடுக்காதீங்க, நம்ம ஆளுங்க குடுக்குறதப் பாத்தா சிரிப்பு வருது. போன மாசம் மாமா பையன் டுபாய்க்கு கொண்டு போகன்னு படம் போட்ட தகர டப்பா ஒண்ணு, 200 கிராம் 1900 ரூபாக்கு வாங்கிட்டு வந்தான். டப்பாவுல பிஓபிஎஃப்னு போட்டிருக்கு, பெரிய தரம்னு நெனச்சுட்டான். அது சல்லடையில பிரிக்கிற தூளோட அளவு, அவ்வளவுதான், அதுல ருசிக்கு மார்க் ஒண்ணும் இல்ல. 4000 அடிக்கு மேல வெளஞ்சா உயர்நில தேயிலன்னு சொல்லுவாங்க, அது நம்ம வீட்டுப் பின்னாடியே நிக்கிது. பாக்டரி பக்கத்துக் கடையில நிறுத்து பேப்பர்ல சுத்திக் குடுக்குற தூளையும் டப்பாத் தூளையும் ரெண்டு கோப்பையில ஊத்தி அம்மாகிட்ட குடுத்தோம், எது எதுன்னு சொல்லல. ரெண்டையும் ஒரு மொடக்கு குடிச்சுப் பாத்துட்டு, டப்பாத் தூள தள்ளி வெச்சு, "இதுல சாயம் எறங்கல"ன்னாங்க. டப்பா இப்ப எங்க வீட்டுல மஞ்சத்தூள் போட உதவுது, டுபாய்க்கு பேப்பர் பொட்டலம்தான் போச்சு.