சரிவில் வீடு: வெட்டிச் சமமாக்குவதா, படி இறக்குவதா, தூண் நிறுத்துவதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மனை வாங்கியவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது ஜேசிபியைத்தான். சரிவை வெட்டிச் சமமாக்கிவிட்டால் கோயம்புத்தூரில் கட்டுவதுபோலக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நீலகிரியில் ஜேசிபி இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் இந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம் வீட்டின் கீழ்ப்பாதி. மேல்பக்கம் வெட்டிய மண்ணைத்தான் கீழ்பக்கம் தள்ளி நிரப்புகிறார்கள். அப்போது பாதி வீடு காலங்காலமாக இறுகிய தரையிலும், மீதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண் மழைக்கு மழை அமுங்கும். வெட்டிய பக்கம் அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் சாய்வாக விரிசல் விடும். புல்லையும் மேல்மண்ணையும் அகற்றாமல் அதன் மேலேயே நிரப்பியிருந்தால், நிரப்பிய மண் மொத்தமாக வழுக்கிப் போகவும் கூடும்.

வெட்டிய பக்கத்துத் தடுப்புச்சுவர் அடுத்த தலைவலி. 10 அடிச் சுவரை ஈரமில்லாத மண், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2.7 டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கி நிறைந்தால் அது 6 டன்னை நெருங்கும். வடிதுளையும் அதன் பின்னே ஜல்லி அடுக்கும் இல்லாத சுவர் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. இங்கே பெய்யும் மழையும் சாதாரணமல்ல: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பதிவானது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்து நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை மறந்துவிட்டு இங்கே மண்ணில் கைவைக்கக் கூடாது.

படிப்படியாக இறக்கிக் கட்டும் கடைக்கால்தான் என் தேர்வு. வீட்டின் நீளம் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் ஓட வேண்டும்; நீலகிரியின் படகர் இன மக்களுடைய ஊர்களான ஹட்டிகளில் வரிசை வீடுகளைப் பார்த்தால் புரியும். வெவ்வேறு மட்டத்தில் அடுத்தடுத்து வரும் ஃபுட்டிங்குகளின் (கடைக்காலின் அகன்ற அடிப்பாகங்களின்) விளிம்புகளை இணைக்கும் கோடு, 2 அடி கிடைக்கு 1 அடி இறக்கத்தைவிடச் செங்குத்தாகக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904. ஃபுட்டிங்கின் கீழ்விளிம்புக்கும் சரிவின் மேற்பரப்புக்கும் இடையே மண்ணில் 90 சென்டிமீட்டர், பாறையில் 60 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தோண்டும் மண் குறைவு, நிரப்புவது அநேகமாக இல்லை. குறை என்றால், ஹாலிலிருந்து சமையலறைக்கு இரண்டு மூன்று படி இறங்க வேண்டிவரும். முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது நிஜமான சிரமம். அவர்களுடைய அறை, கழிப்பறை, சமையலறை மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்து, படியை மற்ற அறைகளுக்குத் தள்ளிவிடலாம்.

சரிவு அதிகமானால் தூண்மேல் வீடு. மண்ணைக் குறைவாகக் கிளறுகிறது, மழைநீரும் அடியில் ஓடிவிடுகிறது. ஆனால் மேல்பக்கத் தூண் குட்டை, கீழ்பக்கத் தூண் நெட்டை. நில அதிர்ச்சியில் குட்டைத் தூண்தான் பெரும்பங்கு விசையை வாங்கும். ஒரே பருமனில் நீளம் பாதியானால் விறைப்பு 8 மடங்கு. அதனால் முதலில் உடைவதும் அதுவே. மேல்பக்கத் தூணைச் சுற்றிக் குழி விட்டு அதன் நீளத்தைக் கூட்டுவது, நெட்டைத் தூண்களை இடைமட்ட பீம்களால் கட்டுவது என்று வழிகள் உண்டு. பொறியாளரின் கணக்கு இல்லாமல், மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள்.

கருங்கல், செங்கல் சுவரே பாரம் தாங்குவதா, பில்லர் வைப்பதா என்ற கேள்விக்கு இங்கே அதிக யோசனை தேவையில்லை. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள்தான். பின்னால் மாடிமேல் மாடி எழுப்பலாம் என்று பில்லர் போடுவதில் பொருளில்லை. தரைத்தள வீட்டுக்குப் பாரம் தாங்கும் சுவரே போதும், பேஸ்மென்ட் மட்டத்திலும் (வீட்டுத் தரையை ஒட்டி) லிண்டல் மட்டத்திலும் (கதவு, ஜன்னலுக்கு மேலே) சுவர் முழுக்கக் கான்கிரீட் பெல்ட் ஓடினால்.

மனையைப் பொறுத்தவரை, ஓடையை ஒட்டியது, சதுப்பு, மேலே யாரோ செங்குத்தாக வெட்டி விட்டிருப்பது மூன்றையும் விட்டுவிடுங்கள். மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும், மேட்டில் பிறைபோல விரிசல் ஓடியிருந்தாலும் அந்த மண் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கலாம். சமமாக, பார்க்க அழகாக இருக்கும் மனையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆளை விட்டு ஒரு குழி தோண்டுங்கள். செங்கல் துண்டோ பிளாஸ்டிக்கோ மட்கிய புல்லோ வந்தால் அது கொட்டிய மண். கெட்டித்தரை எத்தனை அடியில் தட்டுகிறது என்று அளந்து, அதுவரை கடைக்கால் இறக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.