இடம் பார்த்து விடை தரும் கூகுள் தேடல்: எங்கே நம்பலாம், எங்கே திருத்த வேண்டும்

‘மருந்துக்கடை’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டினால் போதும், பக்கத்திலுள்ள மூன்று கடைகள் வரைபடத்தோடு வந்து நிற்கும். ஊர்ப் பெயரும் வேண்டாம், ‘அருகில்’ என்ற சொல்லும் வேண்டாம். இந்த ஒரு வேலையில் கூகுள் தேடலை மிஞ்சும் தேடுபொறி இப்போதைக்கு இல்லை என்பதே எங்கள் கணிப்பு. ஆனால் நாம் இருக்கும் இடத்தை விட்டு வேறோர் ஊருக்காகத் தேடும்போதும், அது நம்மை வேறு ஊரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்போதும் நிலைமை மாறுகிறது. அதைச் சரிசெய்யும் வழிகள் உள்ளே எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது தேடல் பக்கத்தின் அடிப்பகுதி. கடைசி வரை இறங்கினால் ஓர் இடப் பெயரும், அது எப்படிக் கிடைத்தது என்ற குறிப்பும் இருக்கும். சாதனத்திலிருந்து, ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), முந்தைய செயல்பாடுகளிலிருந்து, கணக்கில் பதிந்து வைத்த வீடு அல்லது அலுவலக முகவரியிலிருந்து என ஏதாவது ஒன்றை அது சொல்லும். இந்தச் சேவையில் நாங்கள் மிகவும் மதிப்பது இந்தச் சின்ன வரியைத்தான். முடிவு ஏன் இப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி கிடையாது. பக்கத்தின் தலைப்பில் இருக்க வேண்டிய தகவலைக் காலடியில் வைத்திருப்பது மட்டும் குறை.

சாதனத்திலிருந்து எடுத்தது என்று இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். போன் ஜிபிஎஸ், சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்கள், செல் கோபுரங்கள் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மடிக்கணினியில் பொதுவாக ஜிபிஎஸ் இல்லாததால் வைஃபையையே நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஏற்கெனவே சேகரித்து வைக்கப்பட்டது. ரவுட்டரை எடுத்துக்கொண்டு வீடு மாறினால், பட்டியல் புதுப்பிக்கப்படும் வரை கணினி பழைய முகவரியிலேயே இருப்பதாகக் காட்டலாம். போனில் ஜிபிஎஸ்ஸும் கோபுரங்களும் சேர்ந்து இந்தப் பிழையைத் திருத்திவிடும். கணினியில் அந்தத் துணை இல்லை. தன் ரவுட்டர் இந்தப் பட்டியலில் வேண்டாம் என்பவர்கள் வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு ‘நோமேப்’ என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்தால், கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஐபி முகவரியை வைத்துக் கணித்தது என்று இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுங்கள். ஐபி முகவரியில் ஊர் எழுதியிருக்காது. எந்த முகவரித் தொகுதி யாருக்கு ஒதுக்கப்பட்டது, எந்தப் பகுதியில் பயன்படுகிறது என்று தரவுத்தளங்கள் ஊகித்துச் சொல்வதுதான் அது. நாடு அநேகமாகச் சரியாக இருக்கும், ஊர் அடிக்கடி தவறும். மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, தொலைவிலுள்ள ஒரு நுழைவாயில் வழியாக இணையத்துக்கு அனுப்புகின்றன. அந்த நுழைவாயில் இருக்கும் நகரமே உங்கள் நகரமாகத் தெரியும். இணைப்பை வேறோர் இடத்துக் கணினி வழியாக அனுப்பும் விபிஎன், அலுவலக வலையமைப்பு எதுவானாலும் இதே கதைதான். இந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016இல் வெளிவந்த ஒரு செய்தி சாட்சி. ஐபி முகவரிகளுக்கு இடம் குறித்துக் கொடுக்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் தரவுத்தளம், அமெரிக்காவுக்குள் எங்கே என்று தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை நாட்டின் நடுப்புள்ளிக்கு அருகே, கன்சாஸில் ஒரு பண்ணை வீட்டின் மேல் குறித்து வைத்திருந்தது. யார் யாரையோ தேடி வந்தவர்களெல்லாம் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிறகு அந்த நிறுவனம் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தியது.

இடம் தவறாக இருந்தால், அடிப்பகுதியிலேயே இருக்கும் ‘இருப்பிடத்தைப் புதுப்பி’ என்பதை அழுத்தி, உலாவி அனுமதி கேட்கும்போது ஒப்புக்கொள்ளுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அனுமதி வேறெங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். இயங்குதளத்தில் லொகேஷன் இயங்குகிறதா, அதை உலாவிக்குக் கொடுத்திருக்கிறீர்களா, உலாவிக்குள் கூகுள் தளத்துக்குத் தடை இருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் ‘துல்லியம்’, ‘தோராயம்’ என்று இருவகை அனுமதி உண்டு. தோராயத்தைக் கொடுத்துவிட்டுத் தெருமுனைக் கடையை எதிர்பார்த்தால் கிடைக்காது. துல்லிய இருப்பிடத்தைத் தராதவர்களுக்குக் கூகுள் ஒரு பொதுப் பகுதியை வைத்துக்கொள்கிறது. அது 3 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டதாகவும் குறைந்தது 1,000 பயனர்கள் உள்ளதாகவும் இருக்கும் என்பது அவர்களே சொல்லும் அளவு.

உலாவியில் தேடல் வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்தால் இதெல்லாம் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழியாது. கணக்கும் பழைய தேடல்களும்தான் விலகுகின்றன. ஐபி முகவரி அப்படியே போகிறது, ஆகவே ஊரும் அப்படியே.

பக்கத்துக் கடைகளின் வரிசைக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடலுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் இந்த வரிசைப்படுத்தலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு தூரத்தின் கை ஓங்கியிருப்பதை உள்ளூர்த் தேடலைக் கவனிப்பவர்கள் பலரும் பேசினார்கள். அவசரத்துக்கு ஒரு பஞ்சர் கடை வேண்டுமானால் இது நல்லது. ஒரு நல்ல எலும்பு மருத்துவர் வேண்டுமானால் அவ்வளவு நல்லதல்ல, அதற்காக நாலு கிலோமீட்டர் கூடப் போக யாரும் தயங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தேடலில் நகரத்தின் பெயரையே சேர்த்து எழுதுங்கள். தூரக் கணக்கு உங்களை விட்டு அந்த நகரத்துக்கு மாறி, பட்டியல் விரியும்.

கடை நடத்துபவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்குள்ளிருந்தே தேடி ‘நாம்தான் முதலிடம்’ என்று மகிழ்வதில் அர்த்தமில்லை, தூரம் அங்கே பூஜ்யம். வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க, கணினியில் குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, கூடுதல் கருவிகளில் ‘சென்சார்ஸ்’ பலகைக்குப் போங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, இருப்பிடத்தைப் புதுப்பியுங்கள். டெவலப்பர் கருவிகளை மூடினால் பழைய இடமே திரும்பிவிடும் என்பதால் திறந்தே வைத்திருக்க வேண்டும். கடையைச் சுற்றி நாலு திசையிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால், எந்தப் பக்கத்தில் போட்டிக் கடை முந்துகிறது என்பது விளங்கும்.

கடை கண்ணி சாராத தேடல்களில் ஊரைவிட நாடு முக்கியம். ‘ஃபுட்பால்’ என்ற சொல் சிகாகோவில் ஒரு விளையாட்டு, லண்டனில் வேறு விளையாட்டு. சட்டம், வரி, மருந்துப் பெயர் பற்றித் தேடும்போது இந்த நாட்டு வடிகட்டல் பெரிய உதவி. முன்பெல்லாம் வேறு நாட்டு முடிவுகள் வேண்டுமென்றால் அந்த நாட்டுக் கூகுள் முகவரிக்குப் போவார்கள். 2017 அக்டோபரில் அந்த வழி அடைக்கப்பட்டு, முகவரி எதுவானாலும் நீங்கள் இருக்கும் நாடே கணக்கு என்றாகியது. 2025இல் நாட்டு முகவரிகளையே கூகுள் டாட் காமுக்குத் திருப்பிவிடுவதாக அறிவித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது, மேம்பட்ட தேடல் பக்கத்தில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், தேடல் அமைப்புகளில் உள்ள பிராந்தியத் தேர்வும்தான். நாட்டை இவற்றால் மாற்றலாம், ஊரை மாற்ற முடியாது. தேடல் கருவிகளில் ஊர்ப் பெயரைத் தட்டும் பெட்டி ஒன்று இருந்தது. 2015இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் போகப்போகும் ஊருக்காக இன்றே தேடுபவர்களுக்கு அது எவ்வளவு பயன்பட்டது! அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஓயாமல் கேட்க வேண்டும்.

டக்டக்கோ என்ற தேடுபொறியில் நாட்டுத் தேர்வு முடிவுகளுக்கு மேலேயே ஒரு பொத்தானாக இருக்கிறது. ஒரே தட்டலில் நாட்டை மாற்றலாம், முழுவதுமாக அணைத்து எல்லா நாடுகளின் முடிவுகளையும் பார்க்கலாம். இந்த எளிமை கூகுளில் இல்லை. வரைபடத்துக்கு டக்டக்கோ ஆப்பிள் மேப்ஸைப் பயன்படுத்துகிறது. அதில் சிறு கடைகளின் விவரம் கூகுள் அளவுக்கு நிறைவாக இல்லை. பிங் தேடுபொறியில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் அமைப்போடு, தேடல் சொல்லுக்குப் பக்கத்தில் ‘லொகேஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளியிட்டு நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டைச் சேர்த்தால் அந்த நாட்டுப் பக்கங்கள் மட்டும் வரும். பிற நாட்டுச் செய்திகளையும் அரசு ஆவணங்களையும் தேடுபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.